ஹைதராபாத் மெட்ரோ: கட்டியது சரி, துடைப்பது யார்?

கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் படித்தே கண் போன ஆசாமி நான். எங்கே ரிப்பன் வெட்டினாலும், நாளைக்கு இதைத் துடைக்கப் போவது யார் என்றுதான் புத்தி போகும். அதனால்தான் இந்தக் கதை.

2008ல் ஏலத்தை வென்றது மேடாஸ் கூட்டணி. வழக்கமாக அரசிடம் மானியம் கேட்பார்கள். இவர்களோ அரசுக்கு 30,311 கோடி ரூபாய் தருகிறோம் என்றார்கள்! கண் ரயிலில் இல்லை, நிலத்தில்தான் என்று டெல்லி மெட்ரோ ஸ்ரீதரன் அப்போதே எச்சரித்தார். 2009 ஜனவரியில் சத்யம் ஊழல் வெடித்தது. அதே குடும்பத்து மேடாஸும் சரிந்தது, ஒப்பந்தம் ரத்து.

2010ல் எல் அண்ட் டி வந்தது. மானியம் 1,458 கோடி, உரிமை 35 வருடம். எனக்கு முக்கியமாகப் படுவது 2012ல் போட்ட கையெழுத்து: ஓட்டவும் பராமரிக்கவும் பிரான்சின் கியோலிஸ். முதல் ரயில் ஓடியதோ 2017 நவம்பரில்! நம்மூரில் திறப்பு விழா முடிந்துதானே வாட்ச்மேனையே தேடுவோம் :-) பராமரிப்பவர் முன்கூட்டியே உட்கார்ந்தால், எஸ்கலேட்டர் மோட்டாரைக் கழற்ற இடம் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே கேட்டுவிடலாம்.

ஆனால் நல்ல பராமரிப்பு கடனை அடைக்காதே. டிக்கெட், கடை வாடகை இரண்டையும் நம்பிய கணக்கு. 2020ல் கொரோனா ஐந்து மாதத்துக்கு மேல் ரயிலையே நிறுத்தியது. 2025 செப்டம்பரில், சுமார் 13,000 கோடி கடனோடு மெட்ரோவை எடுத்துக்கொள்ளத் தெலங்கானா அரசு ஒப்புக்கொண்டது. 35 வருடக் கணக்கு, 15 வருடத்தில் கைமாற்றப் பேச்சு. ராத்திரி ஷிஃப்டில் தண்டவாளம் பார்க்கிறவரின் சம்பளத்துக்குப் புதுக் கணக்கில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.