கடப்பாரை இறங்காத மண்

வெள்ளகோவிலில் எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டிய அன்று, மேஸ்திரி கடப்பாரையை நாலு தடவை ஓங்கிக் குத்தினார். மேலே செம்மண், அடியில் சுக்கான்கல். ணங்கென்று திரும்பி வந்தது. "மூணு மாடி தாங்குமுங்க தம்பி" என்றார். மண் பரிசோதனை அவ்வளவுதான்.

நான் சிரித்துவிட்டேன். எஞ்சினியரிங் படித்த திமிர். யோசித்தால், எஸ்பிடி என்கிற சோதனையும் எண்ணத் தெரிந்த கடப்பாரைதான். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். ஒரே வித்தியாசம், துளைக்குள் ஆழம் போகப்போகத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள்.

கனடாவில் வின்னிபெக் பக்கம் டிரான்ஸ்கோனாவில் அப்படிச் செய்யாமல் ஒரு தானியக் களஞ்சியம் கட்டினார்கள். குழியில் சிறு பலகையை வைத்து எடையேற்றிப் பார்த்தபோது மண் ஜோராகத் தாங்கியது. ஆனால் ஒரு பாரம் தன் அகலத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆழம்வரைதான் மண்ணை உருப்படியாக அழுத்தும். பலகைக்கு மேல்மண் மட்டுமே தெரிந்தது. 77 அடி அகலக் கட்டடமோ, கீழே கிடந்த இளகிய களிமண்ணையும் போய்த் தொட்டது. 1913 அக்டோபர் 18, உள்ளே எட்டே முக்கால் லட்சம் புஷல் தானியம். ஒரு மணி நேரத்தில் ஓரடி இறங்கி, மறுநாளுக்குள் 27 டிகிரி சாய்ந்தது. உடையக்கூட இல்லை, பிறகு நிமிர்த்திக்கொண்டார்கள்!

இதற்கான கணக்கைத் தெர்சாகி 1943இல்தான் எழுதினார். மண்ணின் ஒட்டுத்தன்மை, கடைக்காலின் ஆழம், அதன் அகலம் என்று மூன்று உறுப்புகள். மூன்றையும் உராய்வுக் கோணம் பெருக்கிவிடும். வரும் விடையை 2.5 அல்லது 3ஆல் வகுக்கிறோம். நமக்குத் தெரியாதவற்றுக்கான வகுத்தல் அது. 1950களில் பெக்கும் பிரையன்ட்டும் டிரான்ஸ்கோனாவில் துளையிட்டு எடுத்த மண்ணை வைத்துக் கணக்குப் போட்டார்கள். களஞ்சியம் சாய்ந்த பாரமும் கணக்கின் விடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

இதை அன்று ராத்திரி அப்பாருக்குச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வடகெழக்கு மூலைல கெணறு இருந்துச்சு கண்ணு. எங்கப்பன் காலத்துல மூடுனது" என்றார்.

காலையில் ஜேசிபி வந்தது. எட்டடி வரைக்கும் நல்ல கெட்டி மண். அதற்குக் கீழே ஓட்டுச் சில்லும் மக்கிய பனை மட்டையும் வந்தன. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் அளவு நூலைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார்.