‘விடாது கருப்பு’ ரசிகரா நீங்க? பரண்ல ஒரு தடவை ஏறிப் பாருங்க!

ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்குக் கவலையே இல்லை. லண்டன் பேக்கர் தெருவுல அவருக்குனே ஒரு மியூசியம் இருக்கு. தொப்பி, பைப்னு காசு கொடுத்தா வாங்கிட்டு வந்துடலாம். நம்ம ஊர் மர்மத் தொடர் ரசிகருக்கு என்ன இருக்கு?

‘மர்மதேசம்’ 90-களில் சன் டி.வி-யில் வந்தது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அதுல ‘விடாது கருப்பு’ குதிரைக் குளம்புச் சத்தத்தை யூடியூப்ல கேட்டு இன்னிக்கும் சிலிர்க்கிறவங்க இருக்காங்க. ஆனா பொம்மை, சாவிக்கொத்துனு கடையில விக்கிற பழக்கமெல்லாம் நம்ம சீரியல்களுக்கு வரலை. அதனால, நீங்க சேர்க்க வேண்டியது காகிதத்தைத்தான். அது கடையில இல்லை, உங்க பாட்டி வீட்டுப் பரண்ல இருக்கு.

வார இதழ்ல வந்த தொடர்கதையைக் கிழிச்சு, வரிசையா அடுக்கி, பைண்டிங் கடையில கொடுத்து காலிகோ அட்டை போட்டு வெச்சிருப்பாங்களே, அதான் முதல் பொக்கிஷம். புத்தகமா அச்சாகும்போது தொடர்ல வந்த படங்கள் பெரும்பாலும் காணாமப் போயிடும். பைண்டு வால்யூம்ல ஓவியரோட படம், பக்கத்துல ஜோக், பின்பக்கம் சோப்பு விளம்பரம்னு அந்தக் காலமே இருக்கும். 1940-களில் ஆனந்த விகடன்ல வந்த தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வையே எடுத்துக்கங்க. கதை இன்னிக்கும் புத்தகமா கிடைக்குது. ஓவியர் ராஜு வரைஞ்ச அந்த மூக்கோட பழைய பக்கம் கிடைச்சா விட்டுடாதீங்க!

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. அத்தியாய எண் விட்டுப்போகாம இருக்கா? பைண்டிங்காரர் ஓரம் வெட்டும்போது எழுத்தையும் சேர்த்து வெட்டிட்டாரா? திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள்லயும், ஜனவரியில புத்தகக் காட்சி நடக்கும்போது நந்தனம் வாசல்லயும் பொறுமையா தேடினா கிடைக்கும்.

‘விடாது கருப்பு’க்கு மூலமான ‘விட்டுவிடு கருப்பா’ நாவலோட புதுப் பதிப்பு சுலபமா கிடைக்கும். பழைய பதிப்புக்குத்தான் மவுசு. கையெழுத்துப் போட்ட பிரதினு யாராவது அதிக விலை சொன்னா நிதானமா இருங்க. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர்ல காலமாகிட்டார். இனி புதுசா கையெழுத்து வராது, போலி வரும். எங்கே, எப்போ வாங்கினதுனு கேளுங்க. கூட எடுத்த போட்டோ இருந்தா நல்லது.

டி.வி-யில ஓடும்போதே வீட்டுல பதிவு பண்ணின வீடியோ கேசட் இருந்தா அதுவும் சொத்துதான், நடுவுல வர்ற விளம்பரத்துக்காகவே! வெள்ளையா பூஞ்சை படர்ந்திருந்தா மட்டும் பிளேயர்ல போடாதீங்க. டேப்பும் போகும், ஹெட்டும் போகும்.

சேர்க்கிறதைவிடக் காப்பாத்துறதுதான் கஷ்டம். சிட்லபாக்கத்துல ஏரியை ஒட்டி இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர்ல எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்க் பெட்டிக்குள்ள தண்ணி போயிடுச்சு. அப்பா பைண்டு பண்ணின நாலு வால்யூம். அவசரத்துல மொட்டை மாடி வெயில்ல காயவெச்சேன். அப்பளம் மாதிரி நெளிஞ்சு, பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

நீங்க அப்படிப் பண்ணாதீங்க. நனைஞ்ச புத்தகத்தை நிழல்ல நிமிர்த்தி வெச்சு ஃபேன் போடுங்க. நடுநடுவே வெள்ளைத் தாள் செருகி, ஈரமாக ஈரமாக மாத்துங்க. பழைய பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். ரெண்டு நாளைக்குள்ள பூஞ்சை வந்துடும். அதுக்குள்ள முடியலைன்னா ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. பூஞ்சை வளராது, நேரம் கிடைக்கும்போது ஒண்ணொண்ணா எடுத்துக் காயவைக்கலாம். (கரன்ட் இருக்கணும், அது வேற விஷயம்.)

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீங்க, மஞ்சளாகிப் பிசினாகிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், திரும்பப் பிரிக்க முடியாது. ராமபாணப் பூச்சி வராம இருக்க, ஈரமில்லாத அலமாரியோட மேல்தட்டுல வெச்சு, மாசம் ஒரு தடவை புரட்டுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல ஸ்கேன் பண்ணிடுங்க. பரண்ல இருக்கிற கட்டை பழைய பேப்பர்காரர்கிட்ட போட வேண்டாம்னு இன்னிக்கே வீட்டுல சொல்லி வைங்க. பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போதுதான் நிறைய வால்யூம் எடைக்குப் போகுது.