தேங்காய்: உலக வழக்கும் நீதிமன்ற வழக்கும்

திருக்கோயிலுக்குப் புறப்படும் வேளையில் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "தேங்காய் பழம் வாங்கியாயிற்றா?" என்பதாகும். இத்தொடரில் பழம் என்பது வாழைப்பழத்தையே குறிக்கும். மாங்காய் கனிந்தால் மாம்பழமாகிறது. பனைக்கும் பனம்பழம் உண்டு. தேங்காயோ முற்றி முதிர்ந்து தானே உதிர்ந்து விழுந்தாலும் தேங்காய்தான். சதை குழைந்து இனிப்பதையே நம் முன்னோர் பழம் என்றனர் போலும்.

தாவரவியலார் இதனை ஒப்புவதில்லை. 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் தென்னைக்குக் 'கோக்கோஸ் நூசிஃபெரா' என்று பெயர் சூட்டினார். இரண்டாஞ்சொல்லுக்குக் கொட்டையைத் தாங்குவது என்று பொருள். ஆயினும் இக்கால அறிவியலின்படி தேங்காய் கொட்டையன்று; மாங்கனியின் வகுப்பைச் சேர்ந்த ஒரு கனியே. மாங்கனியில் தோல், சதை, ஓடு, உள்ளே விதை என அடுக்குகள் அமைந்திருப்பதைப் போலவே தேங்காயிலும் புறத்தோல், நார், சிரட்டை, விதை என அமைந்துள்ளன. மாங்கனியில் நாம் விரும்பி உண்ணும் அடுக்கு, தேங்காயில் கயிறு திரிக்கப் பயன்படுகிறது! நீரும் வெண்பருப்பும் உள்ளுறையும் சிறு முளைக்கென இயற்கை சேமித்து வைத்த உணவு. அன்பர்கள் முக்கண்ணனை நினைந்து போற்றும் அம்மூன்று கண்களும், பூவின் சூலகம் மூன்று பகுதிகளால் ஆனதன் அடையாளங்கள். பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே விதையாக வளர்கிறது. மென்மையான அந்த ஒரு கண்ணின் வழியாகவே முளை வெளிப்படுகிறது.

காயா, கனியா என்னும் இவ்வினா இந்தியாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. தமிழ்நாட்டில் காய்கறிகளுக்கும் புதுப்பழங்களுக்கும் விற்பனை வரி விலக்கு இருந்தது. தேங்காய்க்கும் அவ்விலக்கு வேண்டுமென்று தொடரப்பட்ட வழக்கில் 1985ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. இளநீரைப் பற்றியோ கொப்பரையைப் பற்றியோ அங்கு விவாதமில்லை. நீருள்ள முற்றிய தேங்காயே பொருள். வீட்டுக்குப் பழமோ காய்கறியோ வாங்கி வரச் சொன்னால் ஒருவர் தேங்காயை வாங்கி வருவாரா என்பதே நீதிமன்றம் கைக்கொண்ட அளவுகோல். தாவரவியல் என்ன கூறினும், சந்தை வழக்கில் தேங்காய் பழமுமன்று, காய்கறியுமன்று என முடிவாயிற்று. விலக்குக் கிட்டவில்லை. அர்ச்சனைத் தட்டில் அதன் அருகிருக்கும் வெற்றிலைக்கும் இதே கதிதான். வெற்றிலை காய்கறியாகாது என 1961ஆம் ஆண்டிலேயே அந்நீதிமன்றம் கூறிவிட்டது. தேங்காயெண்ணெயையும் வழக்கு விட்டுவைக்கவில்லை. சிறு புட்டிகளில் அடைத்து விற்கும் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்னும் வழக்கில் 2018ஆம் ஆண்டு இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். கூந்தல் எண்ணெயென்று முத்திரையிட்டு விற்காதவரை அது உணவெண்ணெயே என்று 2024 டிசம்பரில் முடிவு பிறந்தது. அப்போது பெயர் மாறினால் வரி 5 விழுக்காடா, 18 விழுக்காடா என்பதும் மாறியது.

வரியோடு நின்றிருந்தால் வணிகர் கவலை என்று விட்டுவிடலாம். கோவாவில் கோடரியே ஓங்கப்பட்டது. மரங்களை வெட்ட அனுமதி பெறவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சட்டத்தைத் திருத்தித் தென்னையை மரங்களின் வரிசையிலிருந்து நீக்கினர். 'தென்னை இனிப் புல்லோ?' என்று மக்கள் எள்ளி நகையாடினர், எதிர்ப்பும் வலுத்தது. 2017ஆம் ஆண்டு தென்னை மீண்டும் மரமாயிற்று. மாநில மரம் என்னும் சிறப்பையும் பெற்றது.

தென்னையைப் புல்லென்பது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. அவ்வகையில் தெங்கும் பனையும் கமுகும் மூங்கிலும் புல்லினத்தவை. இழிவு கருதிச் சொன்னதன்று. கூர்ந்து நோக்கிக் கண்ட உண்மை. தென்னந்தண்டின் ஓரமே உறுதியானது, நடுப்பகுதி மென்மையானது. ஆண்டு வளையங்களும் அதில் இல்லை. புல்லும் தென்னையும் வேறு வேறு குடும்பங்களாயினும், இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்களே என்று இன்றைய அறிவியலும் இயம்புகிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை ஆகியன புல்லினத்தின் உறுப்புகள் என்றும், இலை, தளிர், கோடு முதலியன மரத்திற்குரியவை என்றும் மரபியல் பிரித்துரைக்கிறது.

நம் நாட்டில் பாகான் டத்தோ முதலிய கடலோரப் பகுதிகளில் தமிழ்ப் பாட்டாளிகள் தென்னந்தோட்டங்களில் உழைத்தனர். அவற்றுள் பல பிற்காலத்தில் செம்பனைக்கு மாறின. செம்பனையும் தென்னையின் குடும்பமே என்பது ஒருபுறமிருக்க, குரும்பை, வழுக்கை, முற்றல், நெற்று என்று பருவத்திற்கொரு பெயர் சொல்லும் பழக்கமும் தோட்டத்தோடு அருகி வருகிறது. பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வளரும் பிள்ளைகளுக்குக் கெலாப்பா மூடாவும் சந்தானும்தான் பழகிய சொற்கள். கோயில்களிலோ அப்பகுப்பு இன்னும் பிழையாமல் நடக்கிறது. அபிடேகத்திற்கு இளநீர், அர்ச்சனைக்குக் குடுமியுள்ள முற்றல், வேள்விக்குக் கொப்பரை. தோரணம் கட்டுவோரும் தென்னை இலை வேண்டுமென்று கேட்பதில்லை; குருத்தோலை என்றே கேட்கின்றனர்.