இரண்டு ஆண்கள் எதற்கு?

மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் மூளை மந்தமாகிவிடும் என்பதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் நிரூபிக்க வேண்டிய ஒன்றாகவே நினைக்கவில்லை. பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873இல் எழுதிய நூலில், ஆண்களைப் போலப் படித்தால் பெண்ணின் கருப்பை கெடும் என்றார். அவர் காட்டிய ஆதாரம், சில நோயாளிகளின் கதைகள். படித்தும் நலமாக இருந்தவள் அவரிடம் ஏன் வரப்போகிறாள்?

நியூயார்க்கில் மணமான பெண் என்பதால் பள்ளி வேலை கிடைக்காமல்போன லீட்டா ஹாலிங்வொர்த், கொலம்பியாவில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டார். 23 பெண்களை நாள்தோறும் சோதித்தார். விரைவாகத் தட்டுவது, கை நடுங்காமல் பிடிப்பது, நிறங்களின் பெயரையும் எதிர்ச்சொல்லையும் சொல்வது, சிலருக்குத் தட்டச்சு. கூடவே இரண்டு ஆண்கள்.

அந்த இரண்டு ஆண்களிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஒரு பெண்ணின் கை ஒருநாள் தடுமாறினால் அதற்குக் காரணம் ஊரிடம் தயாராக இருக்கிறது. மாதவிலக்கே இல்லாத உடலும் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் அந்தக் காரணத்தை எப்படி ஏற்பது? பாடநூல்கள் இதற்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும்.

1914இல் ஆய்வு வெளிவந்தது. மாதவிலக்கு நாட்களில் திறன் குறைந்ததற்கான தடயம் இல்லை. அவருடைய வழிகாட்டி எட்வர்ட் தார்ன்டைக், மேதைகள் ஆண்களிடையேதான் அதிகம் தோன்றுவார்கள் என்று எழுதிவந்தவர். அவரிடமிருந்துதான் 1916இல் ஹாலிங்வொர்த் பட்டம் பெற்று வெளியே வந்தார்.