நகர வீட்டுத் தோட்ட மண்

நகரத்தில் காய்கறி போட எடுத்துக்கொள்ளும் மண்ணைச் சத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். பேட்டரிக் கடை, பழுதுபார்க்கும் பட்டறை, குப்பை எரித்த மூலை, வண்டி ஓயாத சாலை இவற்றின் அருகில் ஈயம் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் மட்கிப்போகாது, படிந்தது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கேட்டையும் ஜன்னல் கம்பியையும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பழைய எனாமல் தூளாக உதிர்ந்து விழுவது சுவரோரத்தில். கீரைப் பாத்தி போடுவதும் பல வீடுகளில் அங்கேதான்.

தக்காளி, கத்தரி, வெண்டைக் காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகவே ஏறுகிறது. கீரையிலும் முள்ளங்கி, கேரட் போன்ற கிழங்குகளிலும் அது கூடுதல். அவற்றில் ஒட்டிவரும் மண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் செடி உறிஞ்சுவதைவிட, விளையாடும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும் மண்ணே பெரிய ஆபத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை 2024-இல் 400 பிபிஎம்மிலிருந்து 200 ஆகக் குறைத்தது.

வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகளைச் சொல்லும். ஈயத்தைச் சொல்லாது, தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நிலத்தின் மேல் கெட்டித் துணி விரித்து, ஹாலோ பிளாக் அடுக்கி, ஓரடி உயரத்துக்கு வேறு மண் கொட்டுவது நல்லது. மட்கிய உரம் ஈயத்தைப் பிடித்துவைத்து, செடிக்கு எட்டாமல் ஓரளவு தடுக்கும்.

கட்டட இடிபாடு கலந்த மண்ணில் சிக்கல் வேறு. சுண்ணாம்பும் சிமென்ட்டும் காரத்தை ஏற்ற, இரும்புச்சத்து கிடைக்காமல் கொழுந்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மாடித்தோட்டத்துக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலப்பது வழக்கம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மட்காத நார்க்கழிவில் கரிம-தழைச்சத்து விகிதம் சுமார் 112:1, மட்கியதில் 24:1. மட்காததைப் போட்டால் செடிக்கான தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். லாரி மண் வாங்கினால் எந்த ஊர் மண் என்று கேட்பது அவசியம்: ராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் பகுதிகளில் குரோமியக் கழிவு மண்ணைக் கெடுத்திருக்கிறது. பச்சைச் சாணத்தில் நோய்க்கிருமிகள் இருக்கும் என்பதால், பச்சையாகக் கடிக்கும் கேரட்டுக்கும் கொத்தமல்லிக்கும் நன்கு மட்கிய எருவே ஏற்றது.