காப்பி இலையும் சிற்றூர்க் குருவானவரும்: பெர்க்லி – துவெயிட்ஸ் தொடர்பு

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சிற்றூர்த் திருச்சபைக் குருமார் பலர் இயற்கையாய்வில் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் பூஞ்சையியலில் தலைசிறந்தவர் நார்த்தாம்டன்ஷயர்ப் பகுதியில் பணியாற்றிய மைல்ஸ் ஜோசப் பெர்க்லி (1803–1889). உருளைக்கிழங்கு அழுகலுக்குப் பூஞ்சையே காரணம் என 1846இல் வாதிட்டவர் இவர். கடல் கடந்து வாழ்ந்தோர் அனுப்பிய மாதிரிகள் இவரது ஆய்வை உலகளாவியதாக்கின.

அவ்வாறு அனுப்பியோருள் ஒருவர் ஜி. எச். கே. துவெயிட்ஸ். பிரிஸ்டலில் பிறந்த இவர், 1849இல் இலங்கைப் பேராதனைத் தாவரத்தோட்டப் பொறுப்பேற்று, 1882இல் கண்டியில் மறைந்தார். 1869இல் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துகள் படிந்து, இலைகள் உதிர்ந்தன. நோயுற்ற இலைகள் பேராதனையிலிருந்து பெர்க்லியை அடைந்தன. ப்ரூமுடன் இணைந்து ஆராய்ந்த அவர், அவ்வாண்டு நவம்பரில் ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழில் அப்பூஞ்சைக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். முற்சொல் வித்தின் ஒருபாதி வழுவழுப்பாயிருத்தலையும், பிற்சொல் அழிக்கும் இயல்பையும் சுட்டும்.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்டு பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கியபோது நோய் தீவெங்கும் பரவியிருந்தது. அப்பத்தாண்டில் காப்பி வீழ்ந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

காப்பி அறுவடைக்கு மட்டும் தமிழகத்திலிருந்து பெருந்தொகையினர் வந்து திரும்புவது வழக்கமாயிருந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையோ அவர்களை லயன்களில் நிலைகொள்ளச் செய்தது. ஆகவே, இவ்விருவர் தொடர்பு அறிவியல் வரலாற்றுக்கு மட்டுமன்றி, மலையகத் தமிழர் வரலாற்றுக்கும் உரிய சான்றாகும்.