துண்டுக் கடிதமும் மாத்தளைத் தோட்டங்களும்

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுதல் இயல்பு. மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக் குகைகளும் அலுவிகாரையும் ஆராய்ச்சியாளர் பலரை ஈர்த்துள்ளன. ஆயினும், இம்மலைச்சரிவுகளிற் காடழித்துக் கோப்பி நட்ட தமிழ்த் தொழிலாளரைப் பற்றி எக்கல்லும் பேசாது. கச்சேரிப் பத்திரங்களும் குறையுடையனவே. 1848 யூலையில் எழுந்த மாத்தளைக் கலகத்தில் வரிப் பத்திரங்கள் சில அழிந்தொழிந்தன. எஞ்சி நிற்பவை தோட்டத்தாரின் வாணிகக் கடிதக் கட்டுகளாம்.

இத்தகைய கடிதமொன்று கைக்கு வருமாயின் முதற்கண் அதன் காலத்தைத் துணிதல் வேண்டும். இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்பிரல் முதலாந் திகதி வெளிவந்தது. உள்ளூர்க் கணக்குப் பவுண், சிலிங்கில் எழுதப்பட்டிருப்பின், அக்கடிதம் ரூபாயும் சதமும் புகுந்த 1872க்கு முற்பட்டதெனக் கொள்ளலாம். 1867இற் கண்டிக்கு வந்த புகையிரதம் 1880இலேயே மாத்தளையை எட்டியது. அதற்கு முற்பட்ட மடல்கள் ஏறத்தாழப் பதினாறு மைல் வீதிவழியே கண்டி சென்றன. தோட்டத்தின் பெயர் இன்று வழக்கொழிந்திருப்பின், 1859 முதல் வெளிவந்த பேர்குசன் டைரக்டரி துணைசெய்யும். முத்திரை சேகரிப்போர் சிலர் உறையின் மூலையை வெட்டியெடுத்துக்கொண்டு கடிதத்தை எறிந்துவிடுகின்றனர். நமக்கு வேண்டியது அவர்கள் எறிந்ததேயாம்.

அக்கட்டுகளுள் மிகச் சிறியதும் மிகக் கொடியதுமானது 'துண்டு' எனப்பட்ட சீட்டு. தென்னிந்தியாவினின்றும் வந்தோர் மன்னாரிற் கரையேறி, காட்டுவழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளை சேர்ந்தனர். பயணச் செலவுக்கென முன்பணம் வழங்கியவன் கங்காணி; அவனுக்கு வழங்கியது தோட்டம். ஆகவே முதல் நாட் பெரட்டிலேயே தொழிலாளி கடனாளியாய் நின்றான். கங்காணி வேறு தோட்டம் செல்ல விரும்பின், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இன்ன தொகை செலுத்தப்படின் இக்கங்காணியும் இவன்கீழ் உள்ள இத்தனை பேரும் விடுவிக்கப்படுவர் என்பதே அதன் சாரம். அதனைக் கையிற்கொண்டு அவன் தோட்டந்தோட்டமாய் அலைவான். ஆள் தேவைப்பட்ட துரை தொகையைச் செலுத்தி அனைவரையும் ஏற்றுக்கொள்வார். புதிய தோட்டத்திற் கங்காணி பெற்ற மேலதிக முன்பணமும் பழைய கடனோடு சேர்ந்தது. எனவே, மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. வளர்ந்த கணக்கைத் தொழிலாளி அறிந்தானில்லை.

சந்தைச் சரக்கைப் போல மனிதர் கைமாறிய இம்முறையை வெறும் நிருவாக ஏற்பாடு என எழுதிச் செல்லும் நூலாசிரியருடன் யாம் உடன்படுதற்கில்லை. துண்டில் தொகை உண்டு, ஆட்கணக்கு உண்டு, கங்காணியின் பெயர் உண்டு. கொழுந்து பறித்தவளின் பெயர் அதில் இடம்பெறவில்லை. எனினும் வரலாற்று மாணவனுக்கு அது பயன்படும். ஒரே கங்காணியின் துண்டுகள் இரண்டு மூன்று கிடைப்பின், அவனது கூட்டம் எத்தோட்டத்தினின்று எத்தோட்டத்திற்குச் சென்றது, எத்துணைப் பேர் குறைந்தனர், கடன் எவ்வளவு ஏறியது என்பன புலனாகும். 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தபின், மாத்தளைப் பகுதியிற் கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் பரவின. பயிர் மாறியது, துண்டு மாறவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது.

ஆயினும் பெயரின்மை அதனோடு ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் பத்தாண்டுகள், மணமானோராயின் ஏழாண்டுகள், தொடர்ந்து இந்நாட்டில் வதிந்தமையை நிறுவவேண்டியதாயிற்று. ஆட்கணக்காக மட்டுமே எழுதப்பட்டோரின் பிள்ளைகளிடம் அக்காலத்திற் கேட்கப்பட்டது, பெயர் எழுதிய கடிதம்.